ஆறு கிலோவைக் கட்டுவது எப்படி?

திருமழபாடியிலிருந்து கிழக்கே வந்தால் திருமானூர். கொள்ளிடப் பாலமும் அரியலூர் சாலையும் சேரும் அந்த இடத்தில் அரை மணி நேரம் நின்று, போகிற வருகிற பாரங்களைப் பாருங்கள். சாத்தமங்கலம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஆடி அசைந்து நகரும். பல டன் எடை. அதற்கு இரண்டு மூன்று இடத்தில்தான் கட்டு. பின்னாலேயே ஒரு குட்டியானை வரும். அதில் காலியான கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி இறக்கிவிடக்கூடிய எடைதான். ஆனால் அதற்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டிருப்பார்கள். போதாததற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டும் வருவார்.

எடை குறைந்த பொருளுக்கு ஏன் இவ்வளவு கயிறு? பாரம் கட்டிப் பழகியவர்களுக்கு இது கைக்குத் தெரியும். அறிவுக்கும் தெரியவேண்டும் என்றால் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் தொட்டியைவிட இன்னும் இலேசான, இன்னும் தட்டையான ஒரு பொருளைக் கட்டிப் பார்க்கப் போகிறோம்: சர்ஃபிங் பலகை. கொள்ளிடக் கரையில் அலைச்சறுக்கு கிடையாது. ஆனால் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் வளர்த்தெடுத்த அந்த விளையாட்டு இன்று உள்மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்களை இழுக்கிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. திருமழபாடியில் ஒரு வீட்டில் எட்டடிப் பலகை ஒன்று இருப்பதாகவும், அதைக் காரின் மேல் கேரியரில் கட்டி மாமல்லபுரம் கொண்டுபோக வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். பலகையின் எடை ஆறு கிலோ. பள்ளிக்கூடப் பை கூடச் சில நாள் அந்த எடை இருக்கும்.

எடை ஏன் கைகொடுப்பதில்லை

காற்று கண்ணுக்குத் தெரியாததால் அது ஒன்றுமே இல்லாதது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் ஒவ்வொரு நொடியும் 22 மீட்டர் நீளக் காற்றை முட்டி விலக்கிக்கொண்டு போகிறது. அந்தக் காற்று முன் கண்ணாடியில் மோதி, அதன் சரிவில் ஏறி, கூரையின் முன் விளிம்பைத் தாண்டும்போது மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த இடத்தில் அதன் வேகம் காரின் வேகத்தைவிடவும் கூடுதல். நம் பலகையின் முன்பகுதி சரியாக அந்த இடத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஓடும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். விரல்நுனியைச் சற்றே மேலே சாய்த்தால் போதும், கை தானாகத் தூக்கிக்கொள்ளும். காற்று ஒரு பொருளை இப்படி மேலே தள்ளுவதைத் தூக்குவிசை என்பார்கள். விமானத்தை மேலே ஏற்றுவதும் இதே விசைதான். அது பொருளின் எடையைப் பார்ப்பதில்லை. காற்றுக்கு எவ்வளவு பரப்பைக் காட்டுகிறோம், எந்தச் சாய்வில் காட்டுகிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்ற மூன்றையும்தான் பார்க்கிறது.

கரும்புக் கட்டு தன் எடையாலேயே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. தொட்டிக்கும் பலகைக்கும் அந்த வசதி இல்லை. பரப்பு பெரிது, எடை சிறிது. ஆகவே பலகையைக் கட்டும்போது நாம் எடைக்காகக் கட்டுவதில்லை, காற்றுக்காகக் கட்டுகிறோம். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். கையில் தூக்கிப் பார்த்து, “ஆறு கிலோதானே” என்று சொல்லி, துணி உலர்த்தும் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு பலகை, நான்கு வேகம்

இப்போது கணக்கைப் போடுவோம். எட்டடி நீளமும் சுமார் இருபது அங்குல அகலமும் கொண்ட பலகையின் பரப்பு, முனைகள் குறுகுவதைக் கழித்துவிட்டால், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். காற்றின் மோதல் அழுத்தத்தில் பாதி தூக்குவிசையாக மாறுவதாக வைத்துக்கொள்வோம். பலகை கொஞ்சம் சாய்ந்து நின்றாலே இந்த அளவு வந்துவிடும். நேராகப் படுத்திருந்தால் குறையும், முனை நிமிர்ந்திருந்தால் கூடும்.

திருமழபாடியிலிருந்து திருமானூர் வரை கிராமச் சாலை. கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தூக்குவிசை சுமார் நான்கு கிலோ. பலகையின் எடை ஆறு. கயிறே இல்லாவிட்டாலும் பலகை கிடந்த இடத்தில் கிடக்கும். ஓட்டுபவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.

கீழப்பழுவூர் தாண்டி அரியலூர் நோக்கிப் போகையில் வேகம் 60. தூக்குவிசை எட்டரை கிலோவை நெருங்குகிறது. இடையில் எங்கோ, ஏறக்குறைய 50ஐத் தொட்டபோது, பலகை தன் எடையை முழுவதும் இழந்துவிட்டது. அந்த நொடியிலிருந்து அதைக் கீழே வைத்திருப்பது கயிறு மட்டும்தான். காருக்குள் இருப்பவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

பெரம்பலூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை. வேகம் 80. தூக்குவிசை 15 கிலோ. நூறைத் தொட்டால் 24 கிலோ; பலகையின் எடையைப் போல நான்கு மடங்கு.

இந்த எண்களில் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. வேகம் 40இலிருந்து 80க்கு இரண்டு மடங்கானது, விசையோ நான்கிலிருந்து 15க்கு, ஏறக்குறைய நான்கு மடங்கானது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். காரணம் எளிது. வேகம் கூடும்போது ஒவ்வொரு நொடியும் மோதும் காற்றின் அளவும் கூடுகிறது, மோதலின் வேகமும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. “ஊருக்குள்ளே நல்லாத்தான் இருந்தது, ஹைவேயில ஏறினதும் பறந்துடுச்சு” என்று சொல்பவர்கள் விவரிப்பது இந்தப் பெருக்கத்தைத்தான்.

காற்று சும்மா நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார் 80இல் போகையில் எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் பலகை உணர்வது நூறு. அரியலூர் வட்டாரத்தில் சுரங்கத்துக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் இடையே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அப்படி ஒன்று எதிரே கடக்கும்போது முதலில் ஒரு தள்ளு, உடனே ஓர் இழுப்பு. ஒரு நொடிகூட நீடிக்காது. தளர்ந்த கட்டை அவிழ்க்க அதுவே போதும். ஆடி மாதக் காற்று பக்கவாட்டில் அடித்தால் பலகை மேலே எழுவதோடு முனை ஒரு பக்கமாகத் திரும்பவும் பார்க்கும்.

விழுந்தால் என்ன ஆகும்? 80 கிலோமீட்டர் வேகத்தில் கழன்ற பலகையின் மோதல் ஆற்றலும், 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து, அதே பலகை விழும் ஆற்றலும் ஒன்று. நம் நெடுஞ்சாலைகளில் காருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். சில வண்டிகளில் முன்னால் குழந்தை நின்றுகொண்டு வரும். கட்டும்போது நினைவில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். எனக்கு இந்த அத்தியாயம் முழுவதுமே அவர்களுக்காகத்தான்.

அறுவதா, நழுவுவதா?

24 கிலோ என்றதும் தடித்த கயிறு வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பலகையை இரண்டு இடத்தில் பெல்ட் போட்டுக் கட்டுகிறோம். ஒவ்வொரு பெல்ட்டும் இரண்டு பக்கமும் இறங்குகிறது. ஆக நான்கு கால்கள் அந்த 24 கிலோவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு காலுக்கு ஆறு கிலோ. காற்று சமமாகத் தூக்காமல் முன்பக்கத்தையே தூக்கினாலும் ஒரு காலுக்குப் பன்னிரண்டைத் தாண்டாது. சாதாரணச் சரக்குப் பெல்ட்கூட நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கும்.

ஆகவே நல்ல பெல்ட் அறுந்து பலகை பறப்பது அபூர்வம். வேறு இடங்களில்தான் தோற்கிறோம். முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. பெல்ட்டைப் பலகையின் குறுகிய முனைக்கு அருகில் போட்டிருந்தால் பலகை ஒரு விரல் நகர்ந்ததும் மொத்தக் கட்டும் தொளதொளத்துவிடுகிறது. சில சமயம் கட்டு உறுதியாக இருக்கும், கேரியரே காரிலிருந்து கழன்றுகொள்ளும். இது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அப்போது இரும்புக் கம்பிகளும் சேர்ந்தே பறக்கின்றன. பலகையை ஏற்றுவதற்கு முன்பே கேரியரின் நான்கு பிடிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கயிறு இறங்கும் சாய்வையும் கவனிக்க வேண்டும். நேர் கீழாக இறங்கும் கயிற்றின் இழுவிசை முழுவதும் பலகையைக் கீழே அழுத்தப் பயன்படும். கயிறு படுக்கையாகச் சரிந்து போனால் அந்த இழுவிசையில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிறது. கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மட்டுமே சரிந்து இறங்கும் கயிறு, அதே அழுத்தத்தைத் தர இரண்டு மடங்கு இழுபட வேண்டும். பலகையைத் தாண்டி வெகுதூரம் போய்க் கேரியரின் கடைக்கோடியில் கட்டுவதைவிட, பலகையின் ஓரத்தை ஒட்டியே கம்பிக்குக் கீழே இறக்குவது மேல்.

அதற்காக இறுக்கிக்கொண்டே போகவும் கூடாது. பலகையின் உள்ளே இருப்பது நுரை; மேலே கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய தோல். லாரிகளில் பயன்படும் ராட்செட் பெல்ட்டின் கைப்பிடி நம் கைவிசையைப் பல மடங்காக்கும். இரும்புப் பெட்டிக்கு அது சரி. பலகையில் தோல் நொறுங்கி உள்ளே பள்ளம் விழும், பிறகு தண்ணீர் இறங்கும். பற்கள் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் சாதாரணக் கொக்கி போதும். கையால் இழுத்தால் கிடைக்கும் இருபது கிலோவே நம் தேவைக்கு மேல்.

கம்பியைச் சுற்றிய கயிறு

கையால் இழுத்த இருபது கிலோவை வழி முழுக்க விடாமல் பிடித்துவைப்பது எது? உராய்வு. இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதை எதிர்க்கும் விசை அது. கயிற்றின் விஷயத்தில் உராய்வு காட்டும் வித்தை, என் கணிப்பில், அன்றாட இயற்பியலின் மிக அழகான பக்கங்களில் ஒன்று.

கொள்ளிடக் கரை ஊர்களில் முரட்டுக் காளையை ஒற்றை ஆள் எப்படி நிறுத்துகிறார்? கயிற்றை முளையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியைப் பிடித்துக்கொள்கிறார். காளை எவ்வளவு இழுத்தாலும் அவர் கையில் விழுவது சிறு இழுப்புதான். முளையைச் சுற்றிய கயிற்றின் ஒவ்வொரு சிறு துண்டும் முளையோடு உராய்ந்து, தனக்கு வந்த இழுப்பில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மீதியை அடுத்த துண்டுக்குக் கடத்துகிறது. 18ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்காக எழுதியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். ஒரு சுற்று இழுப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பின் மேல் ஓடும் சாதாரணக் கயிற்றுக்கு இது ஏறக்குறைய சரி. இரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று நினைப்போம். இல்லை, 36இல் ஒரு பங்கு. மூன்று சுற்றுக்கு 216இல் ஒரு பங்கு.

நம் பலகைக்கு இதன் பயன் நேரடியானது. பெல்ட்டைக் கேரியர் கம்பியின் கீழாக வெறுமனே நுழைத்து மேலே கொண்டுவருவதற்குப் பதிலாக, கம்பியை முழுதாக ஒரு முறை சுற்றிக் கொண்டுவந்தால், கொக்கியின் மேல் விழும் சுமை சிறு பங்காகிவிடும். பெல்ட் கம்பியின் மேல் இடம் வலமாக நகர்வதும் நிற்கும். மீந்த நுனியைத் தொங்கவிடாமல் கம்பியிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றி முடிச்சிட்டால், கொக்கி தவறினாலும் அந்தச் சுற்றுகள் பிடித்துக்கொள்ளும்.

லாரியில் தார்ப்பாய் கட்டுபவர்கள் போடும் ஒரு கட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழே உள்ள கொக்கியில் மாட்டித் திருப்பி, கண்ணி வழியாக விட்டு மறுபடியும் கீழ்நோக்கி இழுப்பார்கள். உராய்வே இல்லையென்றால் இது இழுப்பை மூன்று மடங்காக்க வேண்டும். கயிறு கயிற்றின் மேல் உரசுவதால் நடைமுறையில் இரண்டு மடங்குகூடத் தேறாது. ஆனால் அதே உரசல்தான் இழுத்ததைத் திரும்பவிடாமல் பிடித்து, முடிச்சுப் போட அவகாசம் தருகிறது. பெல்ட் இல்லாத இடத்தில் பலகைக்கும் இந்தக் கட்டு பொருந்தும், பலகையின் ஓரத்தில் கயிறு அழுத்தும் இடங்களில் துணி மடித்து வைத்தால்.

எந்தக் கயிறு என்பதற்கும் பதில் உண்டு. நைலான் இழுத்தால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். காலையில் இறுக்கிய கட்டு ஒரு மழைக்குப் பின் தளர்ந்திருக்கும். தேங்காய் நார்க்கயிறு நனைந்தால் இழை உப்பிச் சுருங்கும், காய்ந்ததும் தளரும். பாலியெஸ்டர் பெல்ட் இரண்டு குறையும் அதிகமில்லாதது. எந்தச் செயற்கை இழையானாலும் வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நொய்ந்துபோகும். நிறம் வெளுத்து ஓரம் பிசிறடித்த பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் மேலே?

சர்ஃபிங் பலகை நேர்ப்பலகை இல்லை. படகின் முகப்பைப் போல் அதன் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையில் முனை குத்தி மூழ்காமல் இருப்பதற்காக. கடலில் உதவும் அந்த வளைவு சாலையில் எதிரியாகிறது. பலகையை அப்படியே படுக்கவைத்தால் நிமிர்ந்த முனை காற்றை அடியில் வாங்கிக்கொள்ளும். நம் கணக்கில் பாதி என்று வைத்தோமே, அந்தப் பங்கு ஏறிவிடும்.

ஆகவே கவிழ்த்துப் போட வேண்டும். நிற்கும் பக்கம் கீழே, அடிப்பக்கம் மேலே. இப்போது முனை கூரையை நோக்கி வளைகிறது. அடிப்பக்கத்தில் மீனுக்கு இருப்பதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள் வானத்தைப் பார்க்கும். பல சர்ஃபர்கள் துடுப்பு உள்ள வால்பக்கத்தைக் காரின் முன்புறமாக வைக்கிறார்கள். அதில் யோசனை இருக்கிறது. பெல்ட் தளர்ந்தால் காற்று பலகையைப் பின்னால் தள்ளும். தள்ளினால் துடுப்புகள் முன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கவிழ்ப்பதில் எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஏற்ற ஆதாயமும் உண்டு. கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் நிற்கும் பக்கத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். வெயிலில் அது உருகி வழியும். கீழ்ப்பக்கம் போய்விட்டால் நேர் வெயில் படாது. கம்பிகளுக்குப் பஞ்சுறை போட்டு அதன் மேல் பலகையைக் கிடத்தினால் அடியும் படாது, உராய்வும் கூடும். திடீரென்று பிரேக் அடிக்கும்போது முன்னால் பாயப் பார்க்கும் பலகையை நிறுத்துவது அந்த உராய்வுதான்.

பெல்ட் பாடும்போது

60ஐத் தாண்டியதும் காரின் கூரையிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முரலல் எழும். காரில் கோளாறு என்று பலர் பயந்து நிறுத்துவார்கள். பாடுவது பெல்ட். காற்று ஒரு பட்டையைக் கடக்கும்போது அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மாறி மாறிச் சிறு சுழிகள் பிரியும். ஒவ்வொரு சுழி பிரியும்போதும் பட்டை ஒரு பக்கம் இழுபடும். காற்றில் கம்பிகள் எழுப்பும் இந்த ஒலியை 1878இல் அளந்து எழுதியவர் செக் நாட்டு அறிஞர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால். அவருடைய கணக்கின்படி, ஓர் அங்குல அகலப் பெல்ட் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 175 தடவை அதிரும்.

காதுக்குத் தொல்லை என்பதோடு இது முடிவதில்லை. நொடிக்கு 175 என்றால் மணிக்கு ஆறு லட்சம் தடவைக்கு மேல். ஒவ்வொரு அதிர்விலும் பெல்ட் கொக்கியின் பற்களில் கொஞ்சம் உரசுகிறது. தளர்வது இப்படித்தான். தீர்வுக்குக் காசு செலவில்லை: பெல்ட்டைக் கட்டும்போது பலகைக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு முறுக்குக் கொடுங்கள். முறுக்கிய பட்டை ஒவ்வோர் இடத்திலும் காற்றுக்கு வேறு வேறு முகம் காட்டுகிறது. சுழிகள் ஒரே தாளத்தில் பிரிய முடியாமல் ஒன்றையொன்று கலைத்துக்கொள்கின்றன. முரலல் அடங்கிவிடும். பலகையின் மேல் படும் பகுதியில் மட்டும் முறுக்கு வேண்டாம். அங்கே பட்டையாகப் படிந்தால்தான் அழுத்தம் பரவும்.

கீழப்பழுவூரில் ஒரு நிறுத்தம்

வைக்கோல் லாரிக்காரர்கள் பாரம் ஏற்றிச் சிறிது தூரம் போனதும் நிறுத்தி, இறங்கி, கயிற்றை மறுபடியும் இழுத்துக் கட்டுவார்கள். சாலையின் குலுக்கலில் வைக்கோல் அமுங்கிவிடும். பாரம் ஒரு சாண் இறங்கினால் கயிறு அவ்வளவும் தளர்ந்துவிடும். பலகை அமுங்காது, ஆனால் கம்பியின் பஞ்சுறை அமுங்கும், முடிச்சு இறுகி நீளும், பெல்ட் தன் இடத்தைத் தேடிப் படியும். இந்தப் படிதல் பெரும்பாலும் முதல் அரைமணியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே கீழப்பழுவூரில் ஒரு தடவை இறங்குங்கள். பலகையின் முனையைப் பிடித்து வலுவாக ஆட்டுங்கள். பலகை மட்டும் ஆடினால் பெல்ட்டை இழுக்க வேண்டும். கேரியர் ஆடினால் பிடிகளை முறுக்க வேண்டும். கார் மொத்தமும் சேர்ந்து ஆடினால் எல்லாம் ஒரே உடலாகிவிட்டது என்று பொருள்.

பலகை காரின் பக்கவாட்டைத் தாண்டிப் பிதுங்கவில்லை என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், வாகனத்தின் உடலைத் தாண்டி வரம்பு மீறி நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

அடுத்த நிறுத்தம் பெரம்பலூரில், நெடுஞ்சாலை ஏறும் முன். அங்கிருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாக மாமல்லபுரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சாலை அகலமானது, வேகம் தானாக நூறைத் தொடப் பார்க்கும். 80இலேயே ஓட்டினால் ஒவ்வோர் இருநூறு கிலோமீட்டருக்கும் அரைமணி நேரம் கூடுதலாகும். பலகையைத் தூக்கும் விசையோ 24 கிலோவிலிருந்து 15ஆக இறங்கும்.